தசையும் என்பும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழ்ப் பண்டிதர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தசைக்கும் என்புக்கும் உள்ள உறவும், தேகப்பயிற்சி அவ்வுறவை வலுப்படுத்துமாறுமே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள். நம்மிற் பலர் என்பை வீட்டுத் தூண்போல் உயிரற்றதென்று எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. என்பு உயிருள்ளது. அதன்கண் பழையது அரிக்கப்படுதலும் புதியது கட்டப்படுதலும் இடையறாது நிகழ்கின்றன. எங்கே கட்டுவது என்பதை அதற்கு அறிவிப்பது யாது? தசையின் இழுப்பும் உடலின் பாரமுமேயாம்.

ஜெர்மன் தேசத்து வைத்தியர் ஜூலியஸ் வுல்ப் என்பார், என்பு தான் தாங்கும் பாரத்திற்கேற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்று 1892-இல் நூல் எழுதி வெளியிட்டார். அதன் நுட்பம் பிற்காலத்தே விளங்கிற்று. தசை சுருங்குங்கால் தசைநாண் என்பை இழுக்க, என்பு கண்ணுக்குப் புலனாகாவாறு சிறிது வளைகின்றது. உள்ளே பொதிந்துள்ள உயிரணுக்கள் அதனை உணர்ந்து, என்பு கட்டுதலைத் தடுக்கும் ஸ்கிளிரோஸ்டின் என்னும் பொருளைக் குறைவாகச் சுரக்கின்றன. தடை குறையவே கட்டுமானம் நடைபெறுகின்றது. உழைப்பு ஒழிந்தால் தடை மிகும், என்பு தேயும்.

இளமை முதல் டென்னிஸ் ஆடுவோர்க்கு மட்டை பிடிக்கும் கையின் என்பு மற்றைக் கையினும் பருத்திருக்கும். உடல் ஒன்று, உணவு ஒன்று, வேறுபட்டது உழைப்பே. இதற்கு மாறாக, விண்வெளியில் மாதக்கணக்காக மிதந்தோர் இடுப்பென்பில் மாதந்தோறும் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இழந்ததுண்டு. நீச்சலும் நல்லதே. ஆயினும் நீர் உடலைத் தாங்குதலின் என்பிற்கு அதனால் வரும் பயன் சிறிது. ஓடுதல், குதித்தல், படியேறுதல், பாரந் தூக்குதல் ஆகியவையே அதற்கு உரியன.

அன்பர்களே! நம் இல்லங்களில் அன்பின் பெயரால் இரண்டு தீங்குகள் நிகழ்கின்றன. பெண் பருவமெய்தியதும் அவள் ஆட்டத்தை நிறுத்திவிடுகின்றோம். வளர்ந்தோர் உடலிலுள்ள என்புச் சத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு, பருவமெய்துங் காலத்தையொட்டிய இரண்டே ஆண்டுகளிற் சேர்வது. சேர்க்க வேண்டிய காலத்தில் அவளை மூலையில் அமர்த்துகின்றோம்! மாதவிடாய் நின்றபின் என்பு விரைந்து குறையுங் காலத்திலோ, "அம்மா, நீங்கள் உட்காருங்கள்" என்று தாயாரின் கைவேலையையும் பறிக்கின்றோம். தசை தளர்ந்தவர் எளிதில் விழுவார். என்பு தேய்ந்தவர் விழுந்தால் முறிவார். இடுப்பு முறிந்து படுக்கையில் வீழ்ந்த மூதாட்டியரை நாம் அறியோமா?

சிறார்க்கு நாடோறும் சராசரி ஒரு மணி நேரப் பயிற்சியும், முதியோர்க்கு வாரத்தில் மூன்று நாளேனும் வலிமையும் நிலைதவறாமையும் தரும் பயிற்சியும் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியுள்ளது. முன்னரே என்பு தேய்ந்தோர் மட்டும் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குக.

ஆதலின், நம் சங்கக் கட்டிடத்தின் பின்னுள்ள வெற்றிடத்தை மாலைதோறும் நம் பெண்மக்களுக்கு ஆடுகளமாக விடவேண்டுமென்று இச்சபையைக் கேட்டுக்கொள்கின்றேன். நாம் அவர்க்குப் பூட்டும் நகை கழற்றத் தக்கது. உழைப்பால் உடலுட் சேரும் உறுதியோ முதுமையிலும் அவரைத் தாங்கி நிற்பது.