நாய்க்கும் பூனைக்கும் வரும் அரிப்பு: காரணம் தெரிந்து மருந்திடுங்கள்

(குன்றத்தூரில் கால்நடை வளர்ப்போர் கூட்டமொன்றில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கறவை மாடு, ஆடு, கோழி ஆகியவற்றைப் பற்றி இப்படிப்பட்ட கூட்டங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். களத்து நெல்லுக்குக் காவல் கிடக்கும் நாயைப் பற்றியும், மூட்டை அடுக்கிய அறையில் எலி நுழையாமல் பார்த்துக்கொள்ளும் பூனையைப் பற்றியும் பேசியதில்லை. அவை பால் தருவதில்லை, சந்தையில் விலை போவதில்லை என்பதால் அவற்றின் நோயைப் பற்றி யாரும் கேட்பதுமில்லை. "சொறி நாய்" என்பது நம் பேச்சில் ஒரு வசவாகவே நிலைத்துவிட்டது. சொறி கண்ட நாயைக் கட்டவிழ்த்து ஏரிக்கரையில் விட்டுவிட்டு வருகிறவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் சொறி, குணப்படுத்தக்கூடிய நோய்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை விட்ட ஒரு நாள் காலையில், செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் நெல் வைத்திருந்த பெரியவர் ஒருவர் தம் நாயைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். வாயில் நுரை, உடம்பெல்லாம் நடுக்கம், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிவிட்டது. "ராத்திரி முழுக்கச் சொறிஞ்சிக்கிட்டே இருந்ததுங்க. பயிருக்கு அடிச்ச மருந்து கொஞ்சம் மீதி இருந்தது. தண்ணியில கலந்து பூசிவிட்டேன்" என்றார். நச்சு முறிக்கும் ஊசி போட்டும் நாய் பிழைக்கவில்லை. அதன் வால் அடியில் மயிரை விலக்கிப் பார்த்தால், கருமிளகைப் பொடித்துத் தூவியது போலத் தெள்ளுப்பூச்சியின் கழிவு. வெறும் தெள்ளு! குளிப்பாட்டி, உரிய மருந்தைக் கழுத்தில் சொட்டு விட்டு, படுக்கும் இடத்தைச் சுத்தம் செய்திருந்தால் தீர்ந்திருக்கும்.

அதனால்தான் முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். பயிர்ப் பூச்சிமருந்தை நாய், பூனையின் உடம்பில் எந்த அளவிலும் பூசக்கூடாது. தோல் வழியாகவே அது உடம்புக்குள் போகும். நக்கினால் இன்னும் விரைவில் போகும். பி.எச்.சி. தூளை மாட்டுக்கும் நாய்க்கும் தூவிய காலம் ஒன்று இருந்தது. அந்த மருந்து 1997 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய இஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய், பினாயில் ஆகியவையும் வேண்டாம். தெரியாமல் யாராவது பூசிவிட்டால், கையில் உறை போட்டுக்கொண்டு சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டு உடனே கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். மருந்து டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். டப்பாவிலுள்ள பெயரைப் பார்த்துத்தான் எந்த முறிவு மருந்து என்று அவர் முடிவு செய்வார்.

சரி, அரிப்பு எதனால் வருகிறது? காரணம் பல. தெள்ளு, பேன், உண்ணி, சொறிப்பூச்சி, படர்தாமரை, ஒவ்வாமை என்று எல்லாமே வெளியில் ஒரே மாதிரி தெரியும்: மயிர் கொட்டும், தோல் சிவக்கும், பிராணி சொறியும். ஆனால் ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது. சில சமயம் கெடுதல் செய்யும். எந்த இடத்தில் சொறிகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

முதுகின் பின்பாதியிலும் வால் அடியிலும் கடித்துக்கொண்டே இருந்தால் தெள்ளைச் சந்தேகியுங்கள். ஒரு வெள்ளைத் தாளை நனைத்து விரித்து, அதன் மேல் பிராணியின் மயிரைத் தட்டி விடுங்கள். விழும் கருந்துகளைச் சுற்றி ஈரத்தில் செந்நிறம் கசிந்தால் அது தெள்ளின் கழிவு. அதாவது தெள்ளு குடித்த இரத்தம். வெறும் மண்ணானால் நிறம் கசியாது. காசு செலவில்லாத இந்தச் சோதனையை ஒவ்வொரு வீட்டிலும் செய்யலாம்.

தெள்ளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் பக்கத்தில் வெப்பமும் ஈரமும் சேர்ந்திருப்பதால் ஆண்டு முழுவதும் அது உண்டு. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டை வரை இடும். முட்டை மயிரில் ஒட்டுவதில்லை. நாய் படுக்கும் சாக்கிலும், திண்ணை வெடிப்பிலும், கொட்டகை மண்ணிலும் உதிரும். புழுவாகி, கூடு கட்டி, அங்கேயே காத்திருக்கும். கூட்டுக்குள் பல மாதம்கூடத் தாங்கும். ஆகவே நாய்க்கு மட்டும் மருந்திட்டால் பதினைந்தாம் நாள் மறுபடி தெள்ளு ஏறும். சாக்கைக் கொதிநீரில் அலசி வெயிலில் காயப் போடுங்கள். திண்ணை, கட்டில் அடி, கொட்டகை மூலை ஆகியவற்றை நாள்தோறும் கூட்டிக் குப்பையை எரியுங்கள். வீட்டிலுள்ள நாய், பூனை அனைத்துக்கும் ஒரே நாளில் மருந்திடுங்கள். இதே தெள்ளு ஆட்டுக் கொட்டகையில் புகுந்தால் குட்டிகள் இரத்தம் இழந்து சோகை பிடித்துப் போகும், இளங்கன்றையும் விடாது. நாயின் அரிப்பை அலட்சியப்படுத்தினால் ஆட்டில் நட்டம் வரும். வால் அடியில் அரிசி மணி போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுத் துண்டு. தெள்ளை விழுங்குவதால் வருவது. குடற்புழு மருந்தும் சேர்த்துக் கேளுங்கள்.

காதுமடல் ஓரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு ஆகிய இடங்களில் தோல் தடித்துப் பொருக்கு விட்டிருந்தால் அது சொறிப்பூச்சியாக இருக்கலாம். காதுமடலின் ஓரத்தை விரலிடையில் வைத்து மெல்லத் தேய்த்துப் பாருங்கள். நாய் தன்னை அறியாமல் பின்னங்காலை உதறிச் சொறிய முயன்றால் சந்தேகம் வலுக்கும். நாயைத் தூக்கி வைத்திருக்கும் பிள்ளைகளின் கையிலும் வயிற்றிலும் அரிப்புக் கொப்புளம் கண்டால் சந்தேகம் இன்னும் வலுக்கும். நாயின் பூச்சி மனிதத் தோலில் நிலைத்துப் பெருகாது. நாய்க்கு வைத்தியம் செய்தால் சில வாரங்களில் பிள்ளைகளுக்கும் அடங்கும். அடங்காவிட்டால் அது மனிதச் சிரங்காக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். இந்தப் பூச்சி தோலுக்குள் வளை தோண்டி வாழ்வதால் பல முறை கண்ணில் படுவதில்லை. "பூச்சி இல்லை என்று சொல்லிவிட்டு மருந்து கொடுக்கிறாரே" என்று சந்தேகப்படாதீர்கள். அறிகுறி பொருந்தினால் மருந்து கொடுத்துப் பார்ப்பதே முறை. ஒரு தடவையோடு நிறுத்தவும் கூடாது. முட்டைகள் பொரித்து வரும் என்பதால் மருத்துவர் சொன்ன இடைவெளியில் மறுபடி கொடுக்க வேண்டும்.

இங்கே ஐவர்மெக்டின் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானில் மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து இது. அதைக் கண்டுபிடித்த ஒமுராவுக்கும் கேம்பெலுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அருமையான மருந்துதான். ஆனால் மாட்டுக்கு வைத்திருக்கும் ஊசிமருந்தில் 50 கிலோ உடல் எடைக்கு 1 மி.லி. என்பது கணக்கு. பத்துக் கிலோ நாய்க்கு அதை ஊகித்துப் போட்டால் சில சொட்டுத் தவறினாலே அளவு இரட்டிப்பாகிவிடும். கோலி இன நாய்களுக்கும் அவற்றின் கலப்பினங்களுக்கும் மூளையைப் பாதித்து உயிரையே பறித்துவிடலாம். புது மனைப் பிரிவுகளில் யாரோ வளர்த்து விட்டுப் போன சாதி நாய்கள் இப்போது நம் தெருக்களிலும் திரிகின்றன. எதில் என்ன கலப்பு என்று யார் கண்டது? 2014ஐ ஒட்டி உலகச் சந்தைக்கு வந்த அஃபாக்ஸோலானர், ஃப்ளூரலானர் போன்ற மாத்திரைகள் தெள்ளு, உண்ணி, சொறிப்பூச்சி மூன்றையும் அடக்குகின்றன. விலை சற்று அதிகம். வலிப்பு வந்த நாயானால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குட்டி நாயின் கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் மட்டும் மயிர் கொட்டி, அரிப்பு அதிகமில்லை என்றால் அது வேறு வகைச் சொறி. தாயிடம் பால் குடிக்கும்போதே குட்டிக்கு வரும் பூச்சி. மனிதருக்கோ வளர்ந்த நாய்க்கோ தொற்றாது. ஓரிரு இடத்தோடு நின்றால் பெரும்பாலும் தானே ஆறும். ஆனால் "ஊசி போட்டதும் அரிப்பு நின்றது" என்று நாம் பாராட்டுகிறோமே அந்த ஸ்டீராய்டு, இந்தச் சொறியை உடம்பு முழுவதும் பரப்பிவிடும். படர்தாமரைக்கும் அப்படியே. காரணம் தெரியாமல் அந்த ஊசியை வற்புறுத்திக் கேட்காதீர்கள்.

பூனைக்கு வருவோம். முகத்திலும் காது ஓரத்திலும் சாம்பல் நிறப் பொருக்கு தடித்திருந்தால் சொறிப்பூச்சி. காதுக்குள் காப்பித்தூள் போன்ற அழுக்கு இருந்து தலையை உதறினால் காதுப்பூச்சி. வட்ட வட்டமாக மயிர் கொட்டினால் படர்தாமரை. இந்தப் படர்தாமரை பிள்ளைகளுக்கு எளிதில் ஒட்டும். பார்க்க நன்றாக இருக்கும் பூனையும் அதைச் சுமக்கக்கூடும். வைத்தியம் வாரக்கணக்கில் நீளும். நடுவில் விட்டால் திரும்ப வரும்.

பூனை விஷயத்தில் மறக்கக்கூடாதது ஒன்று உண்டு. நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்தைப் பூனைக்கு விடக்கூடாது. அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. நடுக்கமும் வலிப்பும் வந்து இறந்துவிடும். அப்படி மருந்திட்ட நாயோடு பூனை ஒட்டிப் படுத்தாலும் ஆபத்துதான். டப்பாவில் "பூனைக்கு" என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். பினாயில் தெளித்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலும் கேடுதான்.

பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை, ஆனாலும் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது, காது அடிக்கடி புண்ணாகிறது என்றால் ஒவ்வாமையாக இருக்கலாம். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய, இதுவரை தின்றிராத உணவை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு பிஸ்கட் போட்டாலும் கணக்குத் தப்பும். பொறுமை உள்ளவர்களுக்கே இது முடியும்.

வேப்பெண்ணெய் பற்றிக் கேட்பீர்கள். உண்ணியை ஓரளவு விரட்டும். சொறியை ஆற்றும் என்று நம்பி மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருக்க வேண்டாம். பூனைக்குத் தடவவே வேண்டாம், நக்கிவிடும்.

முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். தீராவிட்டால் வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. ஆலோசனைக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். காட்டுப்பாக்கம் என்றதும் பூந்தமல்லிப் பக்கத்து ஊருக்குப் போய் நிற்காதீர்கள். நான் சொல்வது தாம்பரத்துக்குத் தெற்கே, பொத்தேரியை ஒட்டியது.

கூட்டிப் போகும் நாளில் பிராணியைக் குளிப்பாட்ட வேண்டாம். பொருக்கும் கழிவும் போய்விட்டால் மருத்துவருக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. நாயின் வாயைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். பூனையை மூடியுள்ள கூடையில் வையுங்கள். அரிப்பு எப்போது தொடங்கியது, வீட்டில் வேறு யாருக்கு அரிப்பு, இதுவரை எதைப் பூசினீர்கள் என்ற மூன்றையும் ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். பூசக்கூடாததைப் பூசியிருந்தாலும் வெட்கப்படாமல் அதையும் எழுதுங்கள்.