பாய்மரக் கலத்தின் பதிவும் கொடியும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பாய்மரக் கலத்தைப் பற்றிப் பேச எழுந்திருக்கின்றேன். நம்மில் எத்தனை பேர் கலம் வாங்கப் போகிறோம் என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், நம் குடும்பத்துப் பிள்ளைகள் இன்று பல தேசங்களிற் சென்று வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவனுக்கு நேர்ந்த நஷ்டமே என்னை இவ்விஷயத்தை ஆராயத் தூண்டிற்று. அந்நஷ்டம் பிறர்க்கும் நேராதிருக்க வேண்டுமென்பதே என் நோக்கம்.

நிலம் வாங்குகின்றவன் முதலிற் செய்வது யாது? மூலப் பத்திரங்களைப் பார்க்கின்றான். வில்லங்கம் உண்டா என்று விசாரிக்கின்றான். அதன் பின்னரே பணத்தை எண்ணிக் கொடுக்கின்றான். கலமோ ஓரிடத்தில் நில்லாதது. இன்று இத்துறையிலும் நாளை வேறு துறையிலும் இருப்பது. ஆகவே, அதற்குப் பத்திரமும் பதிவும் நிலத்தைக் காட்டிலும் பன்மடங்கு அவசியம்.

பிரிட்டிஷ் கப்பற் சட்டம் இதனை நன்கு உணர்ந்தது. 1894-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஒரு கலத்தின் உடைமை 64 பங்குகளாக வகுக்கப்பெற்றது. அவ்வழக்கம் இன்றும் நிலவுகின்றது. பதிவுக்கு முன் அளவையாளர் வந்து கலத்தை அளந்து அதன் டன் கணக்கை வரையறுப்பார். பின்னர் ஓர் எண் கொடுக்கப்படும். அவ்வெண்ணைக் கலத்தின் முதன்மையான உத்தரத்திற் செதுக்குதல் வேண்டும். பெயர் மாறலாம், உரியவர் மாறலாம், வர்ணம் மாறலாம், எண் மாறாது.

1994-ஆம் வருஷம் முதல் துறைதோறும் இருந்த பதிவேடுகள் கார்டிப் நகரில் ஒன்றாக்கப்பட்டன. உல்லாசக் கலங்களுக்கு அங்கே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று முதற்பகுதிப் பதிவு. இதற்குக் கிரயப் பத்திரங்களும் அளவைச் சான்றும் காட்டவேண்டும். உடைமையும் அடைமானமும் இதில் எழுதப்படும். மற்றொன்று மூன்றாம் பகுதியாகிய சிறு கலப் பதிவு. இது 24 மீட்டருக்குக் குறைந்த நீளமுள்ளவற்றிற்கு உரியது. எளிது, செலவும் குறைவு. ஆனால் இஃது உடைமைக்குச் சான்றாகாது. வீட்டு வரி ரசீது வைத்திருப்பவன் வீட்டுக்கு உரியவனாகி விடுவானோ? அதுபோலத்தான்.

என் சகோதரியின் புதல்வன் இங்கிலாந்திலே குடியுரிமை பெற்று வாழ்பவன். முப்பதடி நீளமுள்ள பழைய மரக்கலம் ஒன்றைக் கண்டு மோகித்து, விற்றவர் கொடுத்த ஒரே ஒரு ரசீதை நம்பி வாங்கினான். சிறு கலப் பதிவும் செய்துகொண்டான். இரண்டு வருஷம் கழித்துக் கடன் கொடுத்த ஸ்தாபனமொன்றிலிருந்து கடிதம் வந்தது. முன்னொருவர் அக்கலத்தை அடைமானம் வைத்துக் கடன் தீர்க்காமற் சென்றிருந்தார். கடிதத்தில் ஓர் எண் குறிக்கப்பட்டிருந்தது. பையன் விளக்கை எடுத்துக்கொண்டு கலத்தினுள் இறங்கி, உத்தரத்தின்மீதிருந்த வர்ணத்தைச் சுரண்டினான். அவ்வெண் அங்கே இருந்தது!

முதற்பகுதிப் பதிவின் ஐந்தாண்டுத் தவணை கழிந்து பதிவு முடிந்துபோயினும், தீராத அடைமானக் குறிப்பு அழிவதில்லை என்பது சட்டம். பேசிப் பார்த்துக் கடனிற் பெரும் பகுதியை அவனே செலுத்த நேர்ந்தது. வாங்குவதற்கு முன் அவ்வெண்ணைத் தேடியெடுத்துச் சிறு கட்டணம் செலுத்திப் பதிவேட்டின் நகல் பெற்றிருப்பானாயின், இந்த வில்லங்கம் அன்றே வெளிப்பட்டிருக்கும். பெரியோர்களே! கலத்தின் அழகைப் பார்ப்பதற்கு முன் உத்தரத்தைப் பாருங்கள் என்று உங்கள் பிள்ளைகளுக்கு எழுதுங்கள்.

பழைய கலத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், அது பழைய கலந்தானா? ஜோஷ்வா ஸ்லோகம் என்பார் 'ஸ்ப்ரே' என்னும் உளுத்த கலத்தைப் பெற்றுப் பதின்மூன்று மாதம் உழைத்து ஏறக்குறைய முற்றும் புதிதாக்கினார். ஆயினும் அதனை அவர் புதிய கலமென்று கொள்ளவில்லை. சிறிது சிறிதாகப் புதுக்கப்பட்ட கலம் பழைய கலமே என்னும் கப்பல் வழக்கையே அவரும் கொண்டார். அதிலே 1895-ஆம் வருஷம் பாஸ்டனிலிருந்து புறப்பட்டுத் தனியொருவராக உலகைச் சுற்றி 1898-ஆம் வருஷம் திரும்பினார். மெல்போர்ன் துறையில் டன்னுக்கு ஆறு பென்ஸ் வரி கேட்டார்கள். கலத்தின் அளவு 13 டன்னுக்குச் சற்றே குறைவு. அதிகாரியோ அந்தக் குறைவைக் கழிக்காமல் ஆறு ஷில்லிங் ஆறு பென்ஸ் வாங்கிவிட்டார். ஸ்லோகம் சளைத்தாரில்லை, கலத்தைக் காண வந்தோரிடம் தலைக்கு ஆறு பென்ஸ் வசூலித்து ஈடுசெய்துகொண்டார்! அளவைச் சான்றிலுள்ள எண் துறைதோறும் பணமாக மாறுவதை இதனால் அறியலாம்.

நம்மவர் கலமொன்றும் நினைவுக்கு வருகின்றது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி'யை வில்லியம் ராபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கித் தம் மனைவியின் பெயரை அதற்கு இட்டார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்த, அது 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. பெயர் மாறினும் கட்டிய கைகள் தமிழர் கைகளே என்பதை இன்றும் கூறுகின்றோம். எழுதி வைத்தவர்கள் இருந்தமையால் அன்றோ அப்பெருமை நமக்கு எஞ்சியது?

இனிக் கொடியைப் பற்றிச் சில வார்த்தைகள். கொடி அலங்காரமன்று, இக்கலம் எந்நாட்டுச் சட்டத்திற்கு உட்பட்டது என்பதன் அடையாளம். கடற் சட்டம் பற்றிய 1982-ஆம் வருஷத்து ஐக்கிய நாட்டு உடன்படிக்கை, கலம் ஒரு நாட்டின் கொடியையே பறக்கவிட வேண்டும் என்கின்றது. வசதிக்கேற்ப இரு கொடிகளை மாற்றி மாற்றி ஏற்றும் கலம், நாடற்ற கலமாகவே கருதப்படலாம். நாடற்ற கலத்தை நடுக்கடலில் எந்நாட்டுப் போர்க்கப்பலும் நிறுத்திச் சோதிக்கலாம். பரிந்து பேச எந்த அரசும் வாராது.

பிரிட்டிஷ் வணிகக் கலங்களுக்குச் செங்கொடி 1864 முதல் உரியதாயிற்று. உல்லாசக் கலங்களும் பொதுவாக அதனையே ஏற்றுகின்றன. அந்நியத் துறைக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் அதனை ஏற்றுதல் கடமை. என் மருமகன் பிறந்த நாட்டின்மீதுள்ள பற்றினால் நமது மூவர்ணக் கொடியைக் கலத்தின் பிற்பக்கத்தில் ஏற்ற விரும்பினான். அது சட்டப்படி குற்றமென்று அறிந்து வருந்தினான். நான் அவனுக்கு எழுதினேன்: "தம்பி, உன் கலம் எந்நாட்டில் பதிவாயிற்றோ அந்நாட்டுக் கொடியை அதன் இடத்தில் ஏற்று. என்றேனும் நீ தூத்துக்குடித் துறைக்கு வருவாயானால், விருந்தினன் செலுத்தும் மரியாதைக் கொடியாகப் பாய்மரத்தின் வலப்புறக் கயிற்றில் மூவர்ணம் பறக்கும். அன்று நாங்கள் கரையில் நின்று காண்போம்."

சகோதரர்களே! பற்று நெஞ்சில் இருக்கட்டும். பத்திரம் பெட்டியில் இருக்கட்டும். இரண்டையும் காப்பவனே கலத்தையும் காப்பான்.