மாவும் மார்ஜரினும்



பத்தாம் வகுப்பில் வெப்ப இயற்பியல் நடத்தும்போது மோன்ட் பிளாங்க் விபத்தைச் சொன்னேன். பிரான்சையும் இத்தாலியையும் மலைக்கு அடியில் இணைக்கும் சுரங்கச் சாலை அது. 1999 மார்ச் 24 அன்று உள்ளே ஒரு லாரி தீப்பிடித்தது. 39 பேர் இறந்தார்கள். “லாரியில் பெட்ரோலா சார்?” என்றாள் ஒரு மாணவி. மாவும் மார்ஜரினும் என்றேன். வகுப்பு நம்பவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. சரக்கு லாரி எரிந்தால் 20 முதல் 30 மெகாவாட் வெப்பம் வரும் என்றுதான் பொறியாளர்களும் கணக்கு வைத்திருந்தார்கள். 2003இல் நார்வேயில், கைவிடப்பட்ட ரூனஹமார் சுரங்கத்தில் எரித்தே பார்த்தார்கள். ஒரு லாரி அளவுக்கு மரச் சட்டங்களையும் பிளாஸ்டிக்கையும் அடுக்கித் தீ வைத்தபோது வந்தது 202 மெகாவாட்! ஒரு கிலோவாட் ஹீட்டர்கள் இரண்டு லட்சத்தை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். வெட்டவெளியில் வெப்பம் வானத்துக்குப் போய்விடும். சுரங்கத்தில் கூரையும் சுவரும் சூடேறி, அந்த வெப்பத்தைக் கதிர்வீச்சாகச் சரக்கின் மீதே திருப்பி அனுப்புகின்றன. கரும்பலகையில் இதைப் படமாக வரைந்தால் போதும், புரிந்துகொள்கிறார்கள்.

சரி, தண்ணீர் தெளித்தால் அடங்குமா? 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அதே சுரங்கத்தில் 420 மரச் சட்டங்களை எரித்துப் பார்த்தார்கள். கூரைக்குழாய்களிலிருந்து நிமிடத்துக்கு 10 மில்லிமீட்டர் மழை. நம் ஊரில் ஒரு மணி நேரத்தில் அவ்வளவு பெய்தாலே நல்ல மழை என்போம். தீயை அணைப்பது அவர்கள் குறிக்கோள் அல்ல. மூடிய சரக்குக்குள் தண்ணீர் நேராக நுழையாது. 5 மீட்டர் தள்ளி வைத்த இன்னொரு அடுக்குக்குத் தீ தாவக் கூடாது, அவ்வளவுதான். தீ 50 மெகாவாட்டைத் தாண்டவில்லை.

இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்தது வேறு. கூரையடியில் 141 டிகிரி செல்சியஸ் பதிவானதும் தீ கண்டறியப்பட்டதாகக் கொண்டு, அதிலிருந்து 2 நிமிடம் முதல் 12 நிமிடம் வரை வேண்டுமென்றே தாமதித்துத் தண்ணீரைத் திறந்தார்கள். மனிதர் தயங்கும் நேரத்தையும் ஒரு மாறியாக எடுத்துக்கொண்டார்கள். தயங்கக் காரணமும் உண்டு. சூடான புகை மேலே தங்கும். தண்ணீர் அதைக் கீழே இறக்கி, ஓடுகிறவர்களின் கண்ணை மறைத்துவிடலாம்.

“நீங்கள் கட்டுப்பாட்டு அறையில் இருந்தால் எப்போது திறப்பீர்கள்?” என்று வகுப்பில் கேட்டேன். பெட்ரோலா என்று கேட்ட அதே மாணவி, “உடனே சார்” என்றாள். “உள்ளே இன்னும் ஆட்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்களே?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. மணி அடித்த பிறகும் இருவரும் விடவில்லை.