ஓரெழுத்தும் ஒரு குவளைத் தேநீரும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'தேநீர் தமிழ்ச்சொல்தானா?' என்னும் வினா கவியரங்குகளில் எழுவதுண்டு. 'தேய்' என்னும் வேரில் பிறந்தது என்பாரும், அயற்சொல்லாதலின் பாட்டில் ஆளலாகாது என்பாரும் உளர். இருசாராரும் சீன எழுத்தொன்றின் வரலாற்றைக் காணல் நன்று.

தேயிலைக்குரிய அவ்வெழுத்தின் மேலே புல்லும், இடையே மனிதனும், கீழே மரமும் இருப்பதாகச் சொல்வர். கசப்புக் கீரையைக் குறித்த பழைய எழுத்தில் ஒரு கோடு குறைந்து பிறந்தது அது. எட்டாம் நூற்றாண்டில் லூ யூ தேயிலை நூல் இயற்றிய தாங் மன்னர் காலத்தில் நிலைபெற்றது.

வடிவம் ஒன்று, ஒலியோ பல. சீனப் பொதுமொழியில் அது 'சா'. பூக்கியன் மாநிலத் தென்கரையில் 'தே'. கொரியர் 'சா' என்றும் 'தா' என்றும் படிப்பர். போர்ச்சுகீசியர் கொண்டுசென்றது 'சா'. ஒல்லாந்தர் கொண்டுசென்றது 'தே'. இந்தியின் 'சாய்' முன்னதன் உறவு. நம் தேயிலை பின்னதன் உறவு. மலையாளிகள் குடிப்பது 'சாய', பறிப்பது 'தேயில'. இருவழியும் ஒரு மொழியிலேயே கூடின!

பொருளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. சப்பானியரின் 'சாவான்' தேநீர்க் கிண்ணம் எனப் பொருள்படும். இன்று சோற்றுக் கிண்ணத்திற்கும் அதுவே பெயர். கொரியர் முன்னோர்க்குச் செய்யும் 'சாரே' என்பதன் பொருள் தேநீர்ச் சடங்கு. ஆயினும் படைப்பது பெரும்பாலும் அரிசி மது. எள்ளின் நெய்யான எண்ணெய், கடலைக்கும் மண்ணுக்கும் பொதுப்பெயராகவில்லையா? பொருள் மாறியும் சொல் வாழும்.

ஆதலால் 'தே' அயலிலிருந்து வந்தது என ஒப்புவதில் நமக்கு இழுக்கில்லை. இல்லாத வேரைப் புனைவதே இழுக்கு. அச்சப்பானியரும் இதற்குத் தம் மொழியில் தனிப்பெயர் படைக்கவில்லை. சீன ஒலியையே தமதாக்கினர். நாமோ அதனோடு இலையையும் நீரையும் சேர்த்துத் தமிழாக்கினோம்.

அச்சொல்லுக்கு நாம் கொடுத்த விலையும் பெரிது. இலங்கையில் 1867இல் வணிகத் தேயிலைப் பயிர் தொடங்கிய பின், மலையகத்திலும் நீலகிரியிலும் வால்பாறையிலும் தமிழ்ப் பெண்களின் விரல்கள் அதனைக் கொய்தன. கூடை நிரம்பியும் அவர்கள் வயிறு நிரம்பியதில்லை. 'கொழுந்து' என்னும் நம் பழஞ்சொல்லுக்கு அவர்கள் புதுப்பொருள் தந்தனர். உழைப்பால் உரிமையான சொல்லைக் கவிதையிலிருந்து விலக்க நாம் யார்?

கவிஞர்களே, சொல்லின் பிறப்பை அறிந்துகொள்ளுங்கள். அதனினும் மேலாக, அது யார் வாயில், யார் கையில் வாழ்ந்தது என்று கேளுங்கள்.

நிறைவாக ஒன்று. சப்பானியர் 108ஆம் அகவையைத் 'தேயிலை அகவை' என்று போற்றுவர். அவ்வெழுத்தின் தலையைப் பிரித்தால் இரண்டு பத்து. உடலைப் பிரித்தால் எண்பத்தெட்டு. நம் வட்டம் இன்று முதற்பத்தைத் தாண்டியுள்ளது. மீதியையும் தமிழ் எழுதட்டும்.