புகையும் தொற்றும்



செஞ்சி, மேல்சித்தாமூர் பக்கத்துச் சிற்றூர்களில் இன்றும் விறகடுப்பு அணைந்துவிடவில்லை. வீட்டில் எரிவாயு இருந்தாலும் வெந்நீருக்கு விறகுதான். அப்புகையருகே ஆண்டுக்கணக்கில் அமரும் தாய்மார்களின் நுரையீரலில் நிகழ்வது யாது?

மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் உள்ளன. உட்புகும் தூசியையும் கிருமியையும் சளியோடு மேலே தள்ளுவது அவற்றின் பணி. நெடுநாட் புகை அவற்றை முடமாக்குகிறது. அடியிலுள்ள காற்றறைகளில் கிருமிகளை விழுங்கும் உயிரணுக்களோ கரித்துகளை விழுங்கியே களைத்துப் போகின்றன. அவ்வேளையில் புதியதொரு வைரஸ் நுழைந்தால் எதிர்த்து நிற்போர் குறைவு.

2003இல் சீனத்தில் சார்ஸ் நோய் பரவியபோது, மாசு மிகுந்த பகுதிகளில் நோயுற்றோர் இறக்கும் வாய்ப்பு, தூய காற்றுடைய பகுதியினரைக் காட்டிலும் இருமடங்காக இருந்தமை கண்டறியப்பட்டது. ஒப்பீடுதான் அது; வறுமையும் பிறவும் அதில் கலந்திருக்கலாம். எனினும் 2020இல் அமெரிக்காவில் கோவிட் இறப்புகளை ஆராய்ந்த ஹார்வர்டு பல்கலைக்கழகத்தாரும் அதே திசையையே காட்டினர்.

ஒரு கனமீட்டர் காற்றில் நுண்துகள் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. இந்திய வரம்போ 40.

நீரைத் துணியில் வடிகட்டிப் பருகுவது சமண இல்லங்களின் மரபு. இத்துகள்களோ அத்துணியில் நில்லா. சமையலறைக்குப் புகைபோக்கி வேண்டும், எதிரெதிர்ச் சாளரங்கள் வேண்டும். விழா நாள்களில் பெரிய அடுப்பின் முன் நாள் முழுதும் ஒருவரே நிற்கும் வழக்கத்தை விட்டு, இவ்வாண்டு முதல் முறைவைத்து நிற்கலாம்.