அறுபதாம் கல்யாணம் வரை காத்திருக்க வேண்டாம்

 

சுகாதாரத் துறை என்றாலே ஊசி, மாத்திரை என்றுதான் பேசுவார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு ஊர் பார்க்கப் போவதைப் பற்றிப் பேசப்போகிறோம். "ஊர் பார்ப்பதற்கும் குடும்ப நலத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் கிராமத்தில் கணவனும் மனைவியும் ஒன்றாக வெளியூர் போவது எப்போது? சொந்தத்தில் ஒரு கல்யாணம், காதுகுத்து. இல்லையென்றால் துக்கம். அதுவும் இல்லையென்றால் ஆஸ்பத்திரி. மற்றபடி வயல், அடுப்படி, மாடு, கன்று என்று முப்பது வருஷம் ஓடிவிடும். அறுபது வயது நிறைந்ததும் பிள்ளைகள் சேர்ந்து திருக்கடையூருக்கு அழைத்துப்போய் மாலை மாற்ற வைப்பார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அப்போது அம்மாவுக்கு முழங்கால் வலி, ஐயாவுக்குச் சர்க்கரை. அங்கிருந்து சுமார் எட்டுக் கிலோமீட்டரில் தரங்கம்பாடிக் கடல் இருக்கிறது. "மணலில் நடக்க முடியாதப்பா, நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாங்க" என்று இரண்டு பேரும் வேனிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அந்தக் கடலை வாலிபத்திலேயே, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்கலாமே! அதற்குப் பெரிய பணம் வேண்டாம். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித் திட்டம் போடவேண்டும், அவ்வளவுதான்.

"நாங்களும்தான் போன வருஷம் போனோமே" என்று சிலர் சொல்வீர்கள். எப்படிப் போனீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். விடியற்காலை இரண்டு மணிக்கு வீட்டு அம்மா எழுந்து, இருபது பேருக்குப் புளிச்சோறு கிளறி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி வேனில் ஏறுகிறார். ஒரே நாளில் எட்டுக் கோயில். வழியெல்லாம் ஒரு குழந்தைக்கு வாந்தி, இன்னொன்றுக்கு அழுகை. ஆண்கள் சிலர் ஒதுக்குப்புறமாகப் போய் பாட்டிலைத் திறந்துவிடுகிறார்கள். நடுராத்திரி வீடு திரும்பினால் கழுவ வேண்டிய பாத்திரமும் துவைக்க வேண்டிய துணியும் அந்த அம்மாவுக்காகக் காத்திருக்கின்றன. இதில் இளைப்பாறியது யார்? நம் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். அவர்களுக்கு இது இன்பச் சுற்றுலா இல்லை. இன்னொரு நாள் கூலி இல்லாத வேலை.

ஆகவே முதல் விதி: ஒரு நாளுக்கு இரண்டு இடம், அதற்கு மேல் வேண்டாம். இரண்டாவது விதி: வீட்டு அம்மாவும் உட்காரவேண்டும். கட்டுச்சோறு கட்டுவதாக இருந்தால் தேங்காய் துருவுவதும், பை தூக்குவதும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்வதும் கணவர் பங்கு. மதியம் நல்ல ஓட்டலில் சூடாகச் சாப்பிட்டுவிட்டால் இன்னும் உத்தமம்.

ஒரு மாதிரித் திட்டம் சொல்கிறோம். தஞ்சை, கும்பகோணம், திருவாரூர்ப் பக்கத்துக்காரர்கள் மயிலாடுதுறைக்கு வந்து ஒரு ராத்திரி தங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து இரண்டு பக்கமும் சுமார் 25 கிலோமீட்டர் பேருந்துப் பயணம்.

முதல் நாள் பூம்புகார். காவிரி கடலில் கலக்கிற இடம். சோழர்களின் பழைய துறைமுகப் பட்டினம். பக்கத்தில் கீழையூரில் தொல்லியல் துறையினர் 1960-களில் தோண்டியபோது, செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று கிடைத்தது. வயது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல். பல்லவனீச்சரத்தில் புத்த விகாரத்தின் செங்கல் அடித்தளம் இருக்கிறது. கடற்கரையில் 1973-இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடம் ஏழு நிலை மாடமாக நிற்கிறது. கண்ணகி கோவலன் கதையைச் சிற்பமாகப் பார்க்கலாம். அந்தக் கதையிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. நன்றாக இருந்த குடும்பம். கணவன் வேறு வழி போனான், கைப்பொருள் எல்லாம் தீர்ந்த பிறகு திரும்பி வந்தான். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் சேர்ந்து பயணம் புறப்பட்டார்கள். கையில் மிஞ்சியது சிலம்பு மட்டும். சேர்ந்து புறப்படுவதற்கு அவ்வளவு கஷ்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் காலையில் திருக்கடையூர். அபிராமி அம்மனைத் தரிசித்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் தரங்கம்பாடி. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க் நாட்டார் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி இருக்கிறது. 1845-இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706-இல் இங்கே வந்த சீகன்பால்கு என்ற பாதிரியார் தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்துத் தமிழ்ப் புத்தகம் அச்சிட்டார். கரையோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல் பாண்டியர் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள். பாடப்புத்தகத்தில் பத்துத் தடவை படித்தும் பதியாதது, ஒரு தடவை கண்ணால் பார்த்தால் பதிந்துவிடும். கோட்டை, கலைக்கூடம் எந்தக் கிழமை மூடியிருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எப்போது போகலாம்? ஐப்பசி, கார்த்திகை மழை, புயல் காலம், வேண்டாம். காணும் பொங்கல் அன்று ஒரே கூட்டம். பிள்ளை கை நழுவினால் தேடுவது கஷ்டம். சம்பா அறுவடை முடிந்து நெல் வீடு வந்த பிறகு, தையின் கடைசியிலோ மாசியிலோ ஒரு சனி ஞாயிறு பொருத்தமாக இருக்கும். பணத்துக்கு உண்டியல். வாரம் ஐம்பது ரூபாய் போட்டால் ஒரு வருஷத்தில் 2,600 ரூபாய். கடன் வாங்கி ஊர் பார்க்க வேண்டாம். வந்த சந்தோஷத்தை வட்டி தின்றுவிடும்.

இப்போது குடும்ப நலச் செய்திக்கு வருகிறோம். இடுப்பில் ஒரு வயசுக் குழந்தை, வயிற்றில் ஐந்து மாதம் என்றால் அந்தப் பெண் எங்கே போவாள், எதை ரசிப்பாள்? ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் மூன்று வருஷமாவது இடைவெளி இருந்தால் தாயின் உடம்பு தேறும், முதல் குழந்தை நடந்து வரும், கையில் காசும் மிஞ்சும். இதற்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே வழி இருக்கிறது: காப்பர் டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி, தினசரி மாத்திரை மாலா-என், வாராந்தர மாத்திரை சாயா, ஆண்களுக்கு நிரோத். எது ஒத்துவரும் என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் இரண்டு பேருமாகப் போய்க் கேளுங்கள். "அது பொம்பளை சமாச்சாரம்" என்று ஆண்கள் ஒதுங்கவேண்டாம். போதும் என்று முடிவு செய்தவர்களுக்கு, தழும்பில்லாத ஆண் கருத்தடைச் சிகிச்சை சுலபமானது. செய்துகொண்டவர் அன்றைக்கே வீடு திரும்பலாம்.

பயணத்தில்தான் பலர் மாத்திரையை மறக்கிறார்கள். ஆகையால் பையில் முதலில் வைக்கவேண்டியது அதுதான். மாலா-என் ஒரு நாள் தவறினால் ஞாபகம் வந்ததும் சாப்பிட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாள் தவறிவிட்டால் நிரோத் பயன்படுத்திக்கொண்டு, ஊர் திரும்பியதும் செவிலியரைப் பாருங்கள்.

பெண்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. கோயிலுக்குப் போகிறோம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் தானாக மாத்திரை வாங்கி விழுங்குகிறீர்கள். டாக்டரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். வீட்டுக்காரரிடம் கூச்சப்படாமல் சொல்லி, நாளை மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தது, வழியில் ஒதுங்க இடம் இருக்காது என்று தண்ணீரே குடிக்காமல் வருகிறீர்கள். நீர்க்கடுப்பும் மயக்கமும் அதனால்தான் வருகின்றன. கழிப்பிடம் எங்கே இருக்கிறது என்று விசாரித்து வைத்து, வேளாவேளைக்கு வண்டியை நிறுத்துவது கணவரின் பொறுப்பு.

கர்ப்பிணியாக இருந்தால் நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள், செவிலியரைக் கேட்டுக்கொண்டு பக்கத்து ஊருக்கு மட்டும் போங்கள். தாய் சேய் நல அட்டை கையில் இருக்கட்டும். குழந்தையின் தடுப்பூசி நாளையும் பார்த்துத் தேதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பயணத்திலும் தாய்ப்பால் மட்டுமே. போகிற இடத்துத் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம்.

மற்றவர்களுக்குக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து பையில் இருக்கட்டும். பொட்டலம் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டிப் போட்டுக் கலக்குங்கள். குழந்தைக்கு வயிற்றோட்டம் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். துவண்டு போனாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலை பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை நிழலில் இருங்கள். அந்த நேரத்தில் கோயில் மண்டபத்தில் துண்டை விரித்து, வீட்டு அம்மா முதலில் படுக்கட்டும்.

கடைசியாகக் கடல். பார்ப்பதற்கு அழகு, ஆனால் பழக்கமில்லாதவர்களுக்கு ஆபத்து. குளத்தில் நீந்தத் தெரிந்தவனும் கடலில் தோற்பான். பூம்புகாரில் ஆறு கலக்கும் முகத்துவாரத்தில் நீரோட்டம் இழுக்கும். அங்கே இறங்கவே கூடாது. கணுக்கால் நனைந்தால் போதும். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கையைப் பிடித்தபடி நிற்கவேண்டும். குடித்தவர் தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். திடீரென்று கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டை நோக்கி ஓடுங்கள். தண்ணீரில் மூழ்கியவரைத் தூக்கிவிட்டால் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது; மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள், மார்பை அழுத்துங்கள், 108-ஐ அழையுங்கள். சுகாதாரச் சந்தேகம் எதற்கும் 104-இல் கேட்கலாம்.

தம்பதிகளே! எங்கே போவது, எத்தனை பேர் போவது, எப்போது போவது, கையில் எவ்வளவு இருக்கிறது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிப் பழகிவிட்டால், எத்தனை பிள்ளை, எப்போது என்று பேசுவதற்கும் நாக்கு எழும். முதலில் ஊர் பார்ப்பதைப் பற்றிப் பேசுங்கள். மற்றது தானாக வரும். இன்று ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும், "ஏம்மா, நீ எந்த ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறாய்?" என்று கணவர் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். இதுவரை யாரும் கேட்காத கேள்வியாக அது இருக்கலாம். பதில் வரும்வரை பொறுத்திருந்து கேளுங்கள்.

சென்று வாருங்கள், சுகமாகத் திரும்பி வாருங்கள்.