பத்து செண்டு நாணயமும் திறக்காத கதவும்



உடற்பேறு குறைந்தோருக்காக நடக்கும் நிதி திரட்டு விருந்துக்கு நீங்களும் பணம் கொடுத்திருப்பீர்கள். அது யாரைச் சேர்கிறது என்று கேட்டதுண்டா? இந்தக் கேள்வியின் கனத்தைக் காட்டத்தான் பாசில் ஓ'கோனர் என்ற அமெரிக்க வழக்கறிஞரைப் பற்றிப் பேசுகிறேன்.

1892-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தகர வேலை செய்தவரின் மகனாகப் பிறந்தவர். ஹார்வர்டில் சட்டம் படித்தவர். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் தொழில் பங்காளி. போலியோவால் கால்கள் செயலிழந்த ரூஸ்வெல்ட், 1926-இல் ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தை வாங்கிச் சிகிச்சை இல்லமாக்கினார். 1928-இல் அவர் தேர்தலில் இறங்கியபோது, அந்த இல்லத்தின் கணக்கு வழக்கு ஓ'கோனர் தலையில் விழுந்தது. மறு ஆண்டே பொருளாதார வீழ்ச்சி. பணக்காரர்களின் நன்கொடை வற்றிவிட்டது.

வேறு வழியின்றிச் சாதாரண மக்களிடம் போனார்கள். 1938-இல் போலியோவுக்கென்று தேசிய அறநிறுவனம் அமைந்தது, ஓ'கோனர் தலைவரானார். ஆளுக்குப் பத்து செண்டு வெள்ளை மாளிகைக்கு அனுப்பச் சொல்லி, எட்டி கேண்டர் என்ற நகைச்சுவை நடிகர் வானொலியில் கேட்டுக்கொண்டார். 26 இலட்சத்து 80 ஆயிரம் நாணயங்கள் வந்து குவிந்தன!

கறுப்பின மக்களும் போட்டார்கள். ஆனால், வார்ம் ஸ்பிரிங்ஸ் கறுப்பின நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தனி இடவசதி இல்லையாம். போதாக்குறைக்கு, கறுப்பினத்தவரைப் போலியோ அவ்வளவாகத் தாக்காது என்று மருத்துவர்களே சொல்லி வந்தார்கள். சோதித்துப் பார்க்க மருத்துவர் இல்லாத இடத்தில் நோயாளி எப்படிக் கணக்கில் வருவார்? கணக்கில் இல்லாதவருக்குக் கட்டில் எதற்கு? இப்படிப்பட்ட வாதம் உங்களுக்குப் புதிதாக இராது.

கறுப்பினத் தலைவர்கள் விடவில்லை. அறநிறுவனம் 161,350 டாலர் ஒதுக்கியது. 1941 ஜனவரியில் அலபாமாவின் டஸ்கீகியில் 36 கட்டில்களோடு போலியோ மையம் திறந்தது.

இதை முழு நீதி என்று நான் சொல்லமாட்டேன். பழைய கதவைத் திறக்காமல் பக்கத்தில் வேறொரு கதவு வைத்தார்கள், அவ்வளவுதான். ஆனால், கறுப்பின மருத்துவர்களும் தாதியரும் அங்கே பயிற்சி பெற்றார்கள். 1944-இல் சார்ல்ஸ் பைனம் என்ற கறுப்பினக் கல்வியாளர் அறநிறுவனத்திலேயே பொறுப்பேற்று, கிளைகளைத் தட்டிக் கேட்கத் தொடங்கினார். எனக்கு ஓ'கோனரை விடப் பைனத்தின் வேலைதான் பெரிதாகப்படுகிறது.

1955-இல் வந்த சால்க் தடுப்பூசி ஓ'கோனருக்குப் புகழ் தந்தது. பரிசோதனை முடிவு வருமுன்பே 9 மில்லியன் டாலருக்கு மருந்து தயாரிக்கச் சொன்ன துணிச்சல்காரர் அவர்.

இருந்தாலும், அறநிறுவனம் கொடுத்தது உதவி, உரிமை அல்ல. தரமாட்டேன் என்றால் வழக்குப் போட முடியாது. 1973-இல் வந்த மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவுதான் அதை மாற்றியது. மத்திய அரசின் பணத்தைப் பெறும் எவரும் உடற்குறையைக் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றது அது. அதற்கான விதிகளில் கையெழுத்திடாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரலில், குழந்தைப் பருவத்தில் போலியோ கண்ட ஜூடி ஹியூமன் உள்ளிட்டோர், சக்கர நாற்காலிகளோடு சான் பிரான்சிஸ்கோ அரசாங்கக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஏப்ரல் 28-இல் கையெழுத்தானது. முற்றுகை நடந்த நாள்களில் உள்ளே இருந்தவர்களுக்குச் சூடான சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள், கறுப்பின மக்களின் பிளாக் பாந்தர் கட்சியினர்.